இரண்டு வருடம் மாறாத ஃபைல்

உங்கள் அறையின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அதைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் வாக்குமூலங்களுக்கு நேரம் போட்டிருக்கிறீர்கள். கேட்டால் "கொஞ்சம்தானே மேடம்" என்பீர்கள். உலகத்தில் பாதிப் பேர் இந்தக் 'கொஞ்சம்தானே'யை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். போகட்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைத் தருகிறேன் என்றீர்கள். வேண்டாம். அவர் இரண்டு விரலால் விசைகளைக் குத்துகிற அழகை வெளியே காத்திருந்தபோதே பார்த்துவிட்டேன். நானே தட்டிக்கொள்கிறேன். என் பேச்சு கொஞ்சம் அங்கே இங்கே சுற்றும், ஆனால் சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேரும். நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. அலாரம் ஃபைலை மாற்றியது யார். 'மாற்றமில்லை' என்று கையெழுத்துப் போட்டது ஏன். அந்தப் பெஞ்சில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நான் பதில் இல்லாமல் எதையும் செய்கிறவள் இல்லை.

என் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் இந்தப் பக்கம் என் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். பதினெட்டு வருடம் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். அங்கே என்ன வேலை என்று ஆஸ்பத்திரியில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பிரிவுத் தலைவருக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டுவார். அதற்குத்தான் அவரைத் தலைவர் ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். என் பொறுப்பில் இருந்த மென்பொருள் தினமும் விடியற்காலையில் அத்தனையையும் ஒரு சுற்று சுற்றி வரும். எது எங்கே இருக்கிறது, எதில் என்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கும். அதோடு, நான் குறித்துக் கொடுத்த கான்ஃபிக் ஃபைல்களை ஒரு நகல் எடுத்து, முந்தைய நாள் நகலோடு வரிக்கு வரி ஒப்பிடும். கான்ஃபிக் ஃபைல் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கு எழுதிவைத்த உத்தரவு. அதில் ஒரு எழுத்து மாறினால் என் திரையில் சிவப்பு. மாறாவிட்டால் பச்சை, பக்கத்தில் 'மாற்றமில்லை' என்று ஒரு வரி.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரியை நான் குறித்துக் கொடுத்தேனோ, அங்கே இருக்கிற ஃபைலை மட்டும்தான் அது பார்க்கும். ஃபைல் வீடு மாறிப்போனால் அதற்குத் தெரியாது. பழைய வீட்டில் விட்டுப்போன நகலைப் பார்த்து, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதைத் தலைவருக்கு ஆறு முறை விளக்கியிருக்கிறேன். ஆறு முறையும் போனைப் பார்த்துக்கொண்டே "ஓகே, ஓகே" என்றார்.

அடுத்து விசில். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வேலை செய்யும்போது விசிலடிப்பான், அதனால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரி முழுவதும் அவனுக்குச் சிநேகிதம். காவலாளியின் பேத்திக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும், பாஸ்வேர்டைக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைக்கக் கூடாது என்பது தெரியாது. நான் தினமும் ஃபைல்களை நகல் எடுப்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் 'போட்டோ மேடம்'. காலையில் என் அறை வாசலில் தலையை நீட்டுவான்.

"என்ன போட்டோ மேடம், இன்னைக்கு என் ஃபைல் எல்லாம் ஒழுங்கா சிரிச்சுதா?"

"நீ படிவம் கொடுக்காம எதையாவது மாத்தினா அழும்."

"நானா? நான் தொட்டா எதுவும் அழாது மேடம். நீங்க பாத்தாதான் அழுது."

இதற்குச் சலவைக்கூடத்துப் பெண்கள் சிரிப்பார்கள். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு காட்டினால் வேலை நடந்துவிட்டதாக நினைக்கிற கூட்டம்.

போன வருடக் கடைசியில் ஒரு கூட்டம் போட்டார்கள். தலைவர் என் அறிக்கையைக் கட்டைவிரலால் புரட்டினார்.

"ரெண்டு வருஷமா அலாரம் சர்வர்ல மாற்றமில்லை, மாற்றமில்லைன்னே வருது. இதைச் சொல்றதுக்கு ஒரு ரூம், ஒரு மென்பொருள், ஒரு ஆளு. அடுத்த மாசத்தோட இதை நிறுத்திட்டு மேடத்தை ஸ்டோர்ல போட்டுரலாமா? அங்க கையுறைப் பெட்டி எண்ண ஆள் இல்ல."

விசில் கை தூக்கினான். "நிறுத்தாதீங்க சார், பாவம். அப்புறம் மேடம் காலைல எழுந்து யார்கூட சண்டை போடுவாங்க?"

பதினோரு பேர் சிரித்தார்கள். எண்ணினேன். நல்ல எண்ணத்தில்தான் எனக்காகப் பேசினேன் என்று அவன் உங்களிடம் சொன்னதாகக் கேள்வி. இருக்கலாம். அவனுக்கு எல்லாமே நல்ல எண்ணம்தான்.

என் அறைக்கு வந்து அலாரம் ஃபைலை அச்சடித்தேன். இதில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும் தெரியுமா என்று அவர்கள் மூக்குக்கு முன்னால் நீட்டலாம் என்று. நோயாளியின் மூச்சோ நாடியோ இறங்கினால், எத்தனை நொடி கழித்து நர்ஸ் இடுப்பில் இருக்கும் போன் அடிக்க வேண்டும் என்று வார்டு வாரியாகச் சொல்கிற ஃபைல் அது. எல்லா வார்டுக்கும் பதினைந்து நொடி. காகிதத்தைக் கையில் எடுத்துப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதோடு முடிந்துவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து வார்டு. ஐந்தாவதை அதற்கு முந்தைய வருடமே திறந்தாயிற்று. ரிப்பன் வெட்டினார்கள், கேக் கொடுத்தார்கள், தலைவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அதாவது இரண்டு வருடமாக என் மென்பொருள் விடியற்காலையில் எழுந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு செத்த ஃபைலை. நிஜ ஃபைலை விசில் வேறு முகவரிக்கு மாற்றியிருந்தான். பழைய நகலை அழிக்கவும் இல்லை. தேடியதில் பத்து நிமிடத்தில் புதிய முகவரி கிடைத்தது. அங்கே ஐந்து வார்டும் இருந்தன. அதை யாரும் கண்காணிக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாமே என்று. யாரிடம்? பதினோரு பேரிடமா? 'இரண்டு வருடமாகக் காலி வீட்டுக்குக் காவல் இருந்தேன்' என்று நானே போய்ச் சொல்ல, விசில் அதற்கும் ஒரு பேச்சு எடுத்துவிட, மறுபடியும் எண்ணச் சொல்கிறீர்களா?

சொன்னால் புரியாதவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். யோசனை எளிமையானது. கேட்பாரில்லாத அந்த நிஜ ஃபைலில் ஒரே ஒரு எண்ணை மாற்றுவது. அலாரம் தாமதமாக வருவதைக் கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்வது. பிறகு எல்லாரையும் கூட்டிவைத்து, 'பாருங்கள், இவர் சொல்லாமல் ஃபைலை இடம் மாற்றியதால் வந்த வினை, கண்டுபிடித்தது நான்' என்று காட்டுவது. மாற்றத்தைச் செய்தவர் பெயராக அவன் பெயரே பதிவாகும், ஏனென்றால் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் இருந்தது. அதை நான் ஒட்டிவைக்கவில்லை.

எல்லா வார்டிலும் மாற்றவில்லை. நான் பொறுப்பில்லாதவள் இல்லை. நான்காம் வார்டு வரியில் மட்டும், பதினைந்துக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன். நூற்றைம்பது. நான்காம் வார்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அங்கே என் தங்கை நர்ஸ். நான் போய் உட்கார்ந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் நான்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது சின்னவள். அம்மா போன பிறகு தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். நர்ஸ் படிப்பில் சேர்த்ததும் நான். இப்போதும் ஒரே கட்டடம், எனக்கு இரண்டாவது மாடி, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மூன்றாவது மாடி. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு குற்றச்சாட்டு கிடையாது. அன்பானவள். ஆனால் ஒழுங்கு கிடையாது. எதையும் எழுதிவைக்க மாட்டாள், எல்லாம் தலைக்குள். சாவியைத் தொலைத்தால் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, நான் எங்க வச்சேன்?" என்று என்னைக் கேட்பாள்.

மாற்றியது மதியம் ஒன்றரைக்கு. இரண்டே முக்காலுக்கு நான்காம் வார்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் நோயாளிகள் தூங்குவதற்காகக் கட்டிலுக்கு மேலே இருக்கும் மானிட்டரின் சத்தத்தை அடைத்துவைப்பார்கள். இடுப்புப் போன் இருக்கிறதே என்ற தைரியம்தான். எனக்கு அது வசதி. அலாரம் போனில் மட்டும்தான் வரும், அளவு சுத்தமாகக் கிடைக்கும். பத்து அலாரத்தில் ஒன்பது, விரலில் மாட்டிய கிளிப் கழன்றதால் வருவது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்தேன்.

பெஞ்சுக்கு எதிரே ஏழாம் எண் கட்டில். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். மறுநாள் சாதாரண வார்டுக்கு மாற்றுவதாக இருந்தார்கள். அவர் மனைவி மருந்துக் கடைக்குக் கீழே போயிருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிப் பேசினார்.

"யாரைப் பாக்க வந்தீங்கம்மா?"

"நர்ஸை. என் தங்கச்சி."

"அடேங்கப்பா. அது என்ன கண்டக்டர் மாதிரி வெரட்டுது? ஏறவும் விடல, இறங்கவும் விடல."

அந்தப் பக்க மேஜையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த தங்கை, திரும்பாமலே கத்தினாள். "மாஸ்க்கைப் போடுங்க தாத்தா! வாய் மட்டும் எக்ஸ்பிரஸ் வண்டி."

அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். சரியாகப் போடவில்லை. வார் காதிலிருந்து நழுவியிருந்தது.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மானிட்டரில் ஆக்சிஜன் எண் மஞ்சளாகி இறங்க ஆரம்பித்தது. எண்பத்தெட்டு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கடிகாரம் சரியாக ஓடும். பதினைந்து நொடி ஆயிற்று, போன் அடிக்கவில்லை. என் கணக்கு சரி என்று தெரிந்தது. எண்பத்திரண்டு. எழுபத்தொன்பது.

கிளிப் கழன்றதா மாஸ்க் கழன்றதா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரிந்திருக்காது என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். கெட்டிக்காரர், கேஸ் ஜெயிக்க வேண்டும் அவருக்கு. ஆனால் தப்பான தகவல் தர எனக்குப் பழக்கமில்லை. பெஞ்சுக்கும் கட்டிலுக்கும் மூன்று எட்டு தூரம். மாஸ்க் அவர் கன்னத்தில் கிடந்தது. எடுத்து மூக்கில் வைக்க ஒரு கை போதும். வைத்திருந்தால் எண் ஏறியிருக்கும், அலாரம் வந்திருக்காது, அளவும் கெட்டிருக்கும். கையில் பாதி ஆதாரத்தோடு திரும்பிப் போய் நான் யாருக்கு என்ன காட்ட முடியும்?

அறுபத்து நான்கு. அவர் கால் போர்வைக்கு அடியில் இரண்டு முறை அசைந்தது, பிரேக்கைத் தேடுகிற மாதிரி.

நூற்றைம்பதாவது நொடியில் போன் அடித்தது. தங்கை நான்கு நொடியில் அதை அமுக்கிவிட்டு ஓடிவந்தாள். அவளை அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். மாஸ்க்கைப் போட்டாள், மார்பை அமுக்கினாள், டாக்டர்கள் வந்தார்கள், நாற்பது நிமிடம் பாடுபட்டார்கள், உயிர் திரும்பவில்லை. நான் கீழே போய்ப் பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். எடுக்காமல் விட்டால் இன்னொருவருக்கு ஆபத்து இல்லையா? இதை யாரும் எனக்குச் சாதகமாகச் சொல்லக் காணோம்.

படியில் இறங்கும்போது அவர் மனைவி எதிரே ஏறி வந்துகொண்டிருந்தாள். கையில் மருந்துப் பையும் ஒரு புதுச் சீப்பும் இருந்தன. வழி விட்டேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர்தான் அதற்கும் தலைவர். மானிட்டரில் எண் இறங்கிய நேரம் பதிவாகியிருந்தது. இடுப்புப் போன் எப்போது அடித்தது என்று எங்கும் பதிவாவதில்லை, நர்ஸ் எப்போது அமுக்கினாள் என்று மட்டும்தான் பதிவாகும். நடுவில் இரண்டரை நிமிடம். தங்கை திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"லேட்டா அடிச்சுது சார். அடிச்சதும் ஓடிட்டேன்."

"பதினஞ்சு நொடியில அடிக்கணும்னு செட் பண்ணியிருக்கும்மா. நீங்கதான் கவனிக்கல."

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, உன் கம்ப்யூட்டர்ல பாரேன். எவனாவது எதையாவது மாத்தியிருப்பான். நீ பாத்தா தெரியும்ல?"

"பாத்துட்டேன்."

"என்ன இருக்கு?"

"மாற்றமில்லை."

"நீயே சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "அப்ப எனக்குத்தான் காது கேக்கல போல." படியேறிப் போய்விட்டாள்.

சாவு விழுந்த பிறகு என் அளவை எடுத்து நீட்டினால், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் மறுநாள் குழுவுக்கு என் வழக்கமான அறிக்கையைக் கொடுத்தேன். அலாரம் சர்வரில் கண்காணிக்கப்படும் ஃபைலில் இரண்டு வருடமாக மாற்றமில்லை. கையெழுத்து, தேதி. அதில் பொய்யான ஒரு சொல்லைக் காட்டுங்கள். 'கண்காணிக்கப்படும் ஃபைல்' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த ஃபைல் மாறவே இல்லை. எந்த ஃபைல் அது என்று பதினோரு பேரில் ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த அறிக்கையை வைத்துத்தான் தங்கையை வேலையிலிருந்து நீக்கி, நர்ஸ் பதிவை ரத்து செய்து, அவள் மேல் வழக்கும் போட்டார்கள். என் மென்பொருளை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. எவ்வளவு பயனுள்ள மென்பொருள் என்று தலைவர் மேடையில் பேசினார். ஸ்டோருக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. அதைக் கலைத்தது விசில்தான். தங்கைமேல் குற்றமில்லை என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். காரணம் கேட்டால், "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்பான், அதுதான் அவன் ஆராய்ச்சி முறை. ஆனால் அன்று மதியம் இரண்டு மணிக்கு எடுத்த சர்வர் பேக்கப் ஒன்றை அழிக்காமல் வைத்திருந்தான். வழக்கம்போல மறந்துபோய்த்தான். அதில் நூற்றைம்பது இருந்தது. தன் பெயரில் பதிவாகியிருந்தும் அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தான் என்கிறீர்கள். தைரியம் என்று அதைச் சொல்ல மாட்டேன், யோசிக்காதவன். பிறகு நீங்கள் வார்டு கேமராவைப் பார்த்தீர்கள். பெஞ்சில் ஒரு பெண், கையில் கடிகாரம்.

நேற்று என் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தையும் எடுத்து வந்து முன்னால் வைத்தீர்கள். ஃபைலை இடம் மாற்றப்போவதாக விசில் முன்கூட்டியே எனக்குக் கொடுத்த படிவம். ஒரே கட்டத்துக்குள் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் எழுதி, நடுவே ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறான். கீழே என் கையெழுத்தில்: 'ஒரு படிவத்துக்கு ஒரு முகவரி. திருப்பி அனுப்பப்படுகிறது.' அவனுக்கு அசல் போயிற்று, நகல் என்னிடம். திருப்பி அனுப்புவதற்கும் நகல் வைக்கிறவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.

"அப்ப அவர் சொல்லியிருக்கார். நீங்கதான் வாங்கிக்கல," என்றீர்கள். இல்லை. சரியாகச் சொல்லாதது சொல்லாததுதான். விதி விதிதான்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆகிவிட்டது. மூன்றாவது பாக்கி. பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தேன்?

வார்டு கேமராவில் சத்தம் இல்லை, படம் மட்டும். மூன்று மணி ஒன்பது நிமிடத்தில் தங்கை ஊசித் தட்டோடு என் பக்கத்தில் ஒரு கணம் நிற்பது உங்கள் படத்தில் இருக்கும். என்ன பேசினாள் என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டிருப்பீர்கள், அவள் ஒன்றும் இல்லை என்றிருப்பாள். அதனால் நானே எழுதுகிறேன். அவள் சொன்னது இதுதான்:

"அக்கா, அந்தக் கோடி ரூம்ல ஒரு ஊசி போட்டுட்டு வந்துடறேன். ஏழாம் நம்பர் தாத்தா மாஸ்க்கைக் கழட்டுவாரு, கொஞ்சம் பாத்துக்கோ. கழட்டினா ஒரு குரல் குடு."

"சரி, போ," என்றேன்.

பார்த்துக்கொண்டேன். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் கொடுக்கவில்லை.

இதை அவள் குழுவிடம் சொல்லவில்லை. வேலை போனபோதும் சொல்லவில்லை. வழக்குப் போட்டபோதும் சொல்லவில்லை. அக்காவை இழுத்துவிடக் கூடாது என்று மாப்பிள்ளையிடம்கூட மறைத்திருக்கிறாள். எட்டு மாதம் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்பிட்டியா அக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள். அவ்வளவு முக்கியமான ஒரு தகவலை எங்கேயும் எழுதிவைக்கவில்லை பாருங்கள். எத்தனை சொல்லி வளர்த்தும் அவளுக்கு அது வரவில்லை. எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பதிவு வைக்கிறவள் நான் ஒருத்திதான்.